எம்.ஏ. பொருளியல் முதல் செமஸ்டர், மைக்ரோ (நுண்பொருளியல்) வகுப்பில் ஒன்றும் புரியவில்லை. தொடரலாமா?

மலைக்கோட்டை_மாணவி
அக்டோபர் 9, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வருபவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் படித்தது பி.ஏ. பொருளியல், அரசு கலைக் கல்லூரி, தமிழ் வழி. மூன்று வருடமும் வகுப்பில் முதல் மதிப்பெண். தேவை விதி, சமநோக்கு வளைகோடு (ஒரே அளவு திருப்தி தரும் பொருள் சேர்க்கைகளை இணைக்கும் கோடு), ஐந்தாண்டுத் திட்டங்கள் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நுழைவுத் தேர்வு எழுதி சென்னையில் ஒரு நிறுவனத்தில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் முதல் ஆள் நான்தான்.

முதல் நாள் மைக்ரோ வகுப்பில் பேராசிரியர் உள்ளே வந்ததும் பலகையில் ஒரு வரி எழுதினார். நுகர்வோரால் வாங்க முடிந்த பொருள்களின் கணம் வெற்றுக்கணம் இல்லை, மூடியது, எல்லைக்கு உட்பட்டது, குவிந்தது என்று அதற்கு அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்த நாலு சொல்லையும் அன்று ராத்திரி அகராதி பார்த்துத்தான் தமிழாக்கினேன், அதற்குப் பிறகும் விளங்கவில்லை. அடுத்த வரியிலேயே நிரூபணத்தை ஆரம்பித்துவிட்டார். நாற்பது பேரில் பாதிக்கு மேல் கணிதமோ பொறியியலோ படித்துவிட்டு வந்தவர்கள், அவர்கள் தலையாட்டினார்கள். எனக்குத் தெரிந்த சமநோக்கு வளைகோட்டுப் படம் எப்போது வரும் என்று காத்திருந்தேன், ஆறு வாரமாகியும் வரவில்லை.

உள்மதிப்பீட்டுத் தேர்வில் 25க்கு 4. விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன், இன்னும் வெளியே எடுக்கவில்லை. ஊருக்குப் போய் பி.எட். சேரலாம், இல்லை டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கலாம் என்று அப்பா சொல்கிறார். கோபத்தில் சொல்லவில்லை, பாசத்தோடுதான் சொல்கிறார்.

இரண்டு கேள்வி. இது பொருளியல்தானா? என்னைப் போல வந்தவர்கள் யாராவது இதைத் தாண்டியிருக்கிறீர்களா?

கணக்கும்_காசும்
அக்டோபர் 10, காலை 7:15

தங்கச்சி, விடாதே. நானும் தமிழ் வழி, நானும் முதல் தேர்வில் ஒற்றை இலக்கம். எட்டு வருடம் ஆகிவிட்டது, இப்போது இதே மைக்ரோவைப் பாடம் எடுக்கிறேன். உன்னிடம் பொருளியலில் குறை எதுவும் இல்லை, இரண்டு வருடக் கணக்கு விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடித்துவிடலாம், ஆனால் சேர்ந்த அன்றே இதைச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும்.

அந்த நாலு சொல்லையே எடுத்துக்கொள்வோம். கையில் 1000 ரூபாய். அரிசி கிலோ 50 ரூபாய், மீதிப் பணம் மற்ற செலவுக்கு. உன்னால் வாங்க முடிந்த சேர்க்கைகள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டால் அதுதான் பேராசிரியர் சொன்ன கணம். வெற்று இல்லை என்றால், ஒன்றுமே வாங்காமல் வருவதும் சேர்த்து ஏதோ ஒன்றாவது உன்னால் முடியும். எல்லைக்கு உட்பட்டது என்றால், 20 கிலோவுக்கு மேல் எந்தக் காலத்திலும் முடியாது. குவிந்தது என்றால், இந்தக் கூடையும் வாங்க முடியும் அந்தக் கூடையும் வாங்க முடியும் என்றால் இரண்டிலும் பாதிப் பாதி எடுத்த கூடையும் வாங்க முடியும்.

மூடியது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். கடைக்காரர் ஒரு விதி போடுகிறார் என்று வைத்துக்கொள்: எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய், ஆனால் 1000 ரூபாயைத் தொடக்கூடாது, அதற்குக் கீழேயே இருக்க வேண்டும். இதில் சிறந்த கூடை எது? 999 ரூபாய்க் கூடையா? 999.50 அதைவிட மேல். 999.99 அதைவிட மேல். எதைச் சொன்னாலும் அதைவிட ஒரு துளி நல்லது ஒன்று இருந்துகொண்டே இருக்கும், சிறந்தது என்று ஒன்று இல்லவே இல்லை. சரியாக 1000 ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று அந்த ஓரத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கேள்விக்கு விடையே உண்டு. ஓரமும் சேர்ந்தது என்பதைத்தான் மூடியது என்கிறோம். கணம் மூடியதாகவும் எல்லைக்கு உட்பட்டதாகவும் இருந்து, பயன்பாடு, அதாவது கூடை தரும் திருப்தியின் அளவு, திடீர்த் தாவல் இல்லாமல் தொடர்ச்சியாகவும் இருந்தால் ஒரு உச்சம் உண்டு, அதற்கு வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் என்று பெயர். "நுகர்வோர் அதிகபட்சத் திருப்தியை அடைகிறார்" என்று மூன்று வருடம் எழுதினோமே, அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. உன் பேராசிரியர் முதல் வகுப்பில் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

என்ன செய்யலாம் என்றால், இப்போதே பெரிய புத்தகத்துக்குப் போகாதே. மாஸ்-கோலெல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் 1995இல் எழுதியது கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம், அது பிறகு. முதலில் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்புக் கணிதப் புத்தகங்களைத் தமிழிலேயே இறக்கிக்கொள், இலவசம்தான். வகைக்கெழு, பகுதி வகைக்கெழு, அணிகள், நிகழ்தகவு, இந்த நாலும் போதும். வாசித்தால் வராது, பேனாவோடு உட்கார வேண்டும். தினம் ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம். அப்புறம் அந்தப் பெரிய புத்தகத்தைத் திற, ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம் அந்த விடைத்தாளை இன்றே வெளியே எடு. எந்த வரியில் மதிப்பெண் போனது என்று பார்க்காமல் அடுத்த தேர்வுக்குப் படிக்க முடியாது.

வயல்வரப்பு
அக்டோபர் 10, மதியம் 1:05

நண்பர் சொன்ன படிப்புத் திட்டத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முதல் கேள்வியை அவர் தாண்டிப் போய்விட்டார். இது பொருளியல்தானா?

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். வந்தவர் என்ன செய்தார்? மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், குத்தகை எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, கிணறு எத்தனை என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் என்று அந்த ஊர்க் கணக்கெல்லாம் 1918இல் புத்தகமாக வந்தது. 1930களில் மறுபடி அந்த ஊர்களுக்குப் போனார்கள், இருவேல்பட்டுக்கு 1961இலும் 1981இலும் போனார்கள். ஒரே ஊரில் கூலி, நிலம், சாதி, தொழில் எல்லாம் அறுபது எழுபது வருடத்தில் எப்படி மாறியது என்று பார்க்க முடிகிறதென்றால் அதற்கு அந்த மாணவர்களின் நடைதான் காரணம். உலகத்தில் இப்படி ஒரு தொடர்ச்சி எத்தனை இடத்தில் இருக்கிறது?

அந்த மரபு இருந்த ஊரில் இன்று எம்.ஏ. படிக்கும் ஒருத்தி இரண்டு வருடம் முடித்து வெளியே வரும்போது ஒரு குத்தகைதாரரிடம்கூடப் பேசியிருக்க மாட்டாள். கலப்பை தூக்கத் தெரியாதவன் விவசாயத்துக்குத் தேற்றம் எழுதுகிறான். தமிழ் வழியில் வந்த பிள்ளைக்குக் கிராமம் தெரியும், கூலி தெரியும், வட்டிக்காரர் எப்படிப் பேசுவார் என்று தெரியும். அதற்கு வகுப்பில் ஒரு மதிப்பெண் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

மேசைவிளக்கு
அக்டோபர் 10, இரவு 9:30

வயல்வரப்பு அண்ணா, ஸ்லேட்டர் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு, நான் ஆராய்ச்சிக்கே வந்தது அந்த மறு ஆய்வுகளைப் படித்துத்தான். ஆனால் ஊருக்குப் போய்விட்டால் மட்டும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது, அதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஆரம்பித்தது, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. இதனால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது கூடியதா? ஒரு பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறோம், கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தால்தான் என்று சொல்லிவிடலாமா? கொரோனா மூடலுக்குப் பிறகு எல்லாப் பள்ளியிலும் வருகை மெல்ல ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சரி, திட்டம் இருந்த பள்ளியையும் இல்லாத பள்ளியையும் ஒப்பிடலாம் என்றால், அந்த 1,545 பள்ளிகளைக் குலுக்கல் போட்டு எடுக்கவில்லை. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி, மலைப்பகுதி என்று பார்த்து எடுத்தார்கள். மலைப்பகுதிப் பள்ளிக்கும் சமவெளிப் பள்ளிக்கும் முன்பே வித்தியாசம் உண்டு.

ஆகவே இரண்டு வித்தியாசம் எடுக்கிறோம். திட்டம் வந்த பள்ளியில் முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு மாற்றம், வராத பள்ளியில் அதே காலத்தில் எவ்வளவு மாற்றம், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏறியபோது, கூலி ஏறாத பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவோடு வைத்து கார்ட், குருகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்தது இதைத்தான். இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளை விசாரித்தார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்று பாடப்புத்தகம் சொன்னது, அவர்கள் பார்த்த கடைகளில் குறையவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

இந்தக் கழித்தல் எப்போது செல்லும்? திட்டம் வராமலே இருந்திருந்தால் இரண்டு வகைப் பள்ளியும் ஒரே போக்கில் போயிருக்கும் என்றால் மட்டும்தான். அது சரியா என்பதைப் பள்ளியைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும், அது சரியில்லை என்றால் விடை எந்தப் பக்கம், எவ்வளவு சாயும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். மலைக்கோட்டை தங்கைக்கு முதலாவது ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதையும் கற்றுக்கொண்டால் இந்தத் துறையில் அவளைப் போன்ற ஆள் குறைவு.

மலைக்கோட்டை_மாணவி
நவம்பர் 2, இரவு 10:20

அண்ணா, அக்கா எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குத்தான் போட்டேன். பகுதி வகைக்கெழு வந்துவிட்டது. லாக்ராஞ்சியன் (கையில் உள்ள பணத்துக்குள் உச்சத்தைக் கண்டுபிடிக்கும் முறை) போடவும் வருகிறது, அதில் வரும் லாம்டா என்றால் கையில் ஒரு ரூபாய் கூடினால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்பது வரைக்கும் பிடித்துவிட்டேன்.

இப்போது மாட்டியிருப்பது ஸ்லட்ஸ்கி, விலை ஏறினால் வாங்குவது குறைவதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கு. கணக்கும்_காசும் அண்ணா கொடுத்த அதே 1000 ரூபாய் கணக்கை எடுத்தேன். பயன்பாடு என்பது அரிசிக் கிலோவையும் மற்ற செலவு ரூபாயையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது என்று வைத்தால், வருமானத்தில் பாதி அரிசிக்குப் போகிறது. 50 ரூபாய் விலையில் 10 கிலோ. விலை 100 ஆனால் 5 கிலோ. இந்த 5 கிலோ குறைவில் மாற்று விளைவு (மற்ற பொருளுக்கு மாறுவதால் குறைவது) எவ்வளவு, வருமான விளைவு (பணத்தின் வாங்கும் சக்தி குறைவதால் குறைவது) எவ்வளவு?

பழைய கூடையை (10 கிலோ, 500 ரூபாய்) அப்படியே வாங்கும்படி வருமானத்தைக் கூட்டினால் 1500 ரூபாய் வேண்டும், அதில் பாதி 750, அரிசி 7.5 கிலோ. ஆகவே மாற்று விளைவு 2.5, வருமான விளைவு 2.5. ஆனால் பேராசிரியர் ஹிக்ஸ் முறையில் போட்டு 7.07 கிலோ என்கிறார், கூட்ட வேண்டிய வருமானம் 1414 ரூபாய்தானாம். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பழைய_வாத்தியார்
நவம்பர் 3, காலை 5:50

அம்மா, முப்பத்து நான்கு வருடம் அரசுக் கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உன் கேள்வியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் இது என் ஓய்வூதியத்தைப் பற்றிய கேள்வி.

இரண்டு விடையும் சரி, கேட்ட கேள்விதான் வேறு வேறு. நீ கேட்டது, பழைய கூடையை மறுபடி வாங்க எவ்வளவு வேண்டும் என்று. அதற்கு 1500. பேராசிரியர் கேட்டது, பழைய திருப்தியை மறுபடி எட்ட எவ்வளவு வேண்டும் என்று. உன் கையில் 1500 கொடுத்தால் நீ பழைய கூடையையே வாங்குவாயா? மாட்டாய், அரிசியை 7.5 ஆகக் குறைத்து மற்றதை 750 ஆக்கிக்கொண்டாய். ஏன் அப்படிச் செய்தாய்? அது பழைய கூடையைவிட உனக்கு நல்லதாக இருந்ததால். பெருக்கிப் பார், பழையது 10 பெருக்கல் 500, அதாவது 5000. புதியது 7.5 பெருக்கல் 750, அதாவது 5625. ஆக 1500 ரூபாய் உன்னைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அதற்கும் மேலே கொஞ்சம் ஏற்றிவிட்டது. அந்த ஏற்றத்தைக் கழித்தால் 1414. அங்கே அரிசி 7.07 கிலோ, மற்றது 707 ரூபாய், பெருக்கினால் அதே 5000.

இப்போது என் ஓய்வூதியத்துக்கு வருகிறேன். அகவிலைப்படி எதை வைத்து ஏறுகிறது? தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து. அதன் அடிப்படை ஆண்டு 2016. அடிப்படைக் காலத்துக் கூடையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் விலை எவ்வளவு ஏறியது என்று பார்க்கும் லாஸ்பேயர் முறை அது, அதாவது நீ போட்ட 1500 ரூபாய்க் கணக்கு. உன் உதாரணத்தில் குறியீட்டெண் 50 சதவீதம் ஏறும், உண்மையில் 41.4 சதவீதம் போதும். இதைச் சொன்னால் சங்கத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர்களிடமும் நியாயம் இருக்கிறது, 2016இல் இல்லாத மருந்துச் செலவு இன்று எனக்கு உண்டு, பழைய கூடையில் அதற்கு இன்றைய அளவு இடமில்லை. ஆகவே கூடை மிகையாகவும் காட்டும், குறைவாகவும் காட்டும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று பேச உனக்கு ஸ்லட்ஸ்கியும் வேண்டும், ஹிக்ஸும் வேண்டும்.

நான் பாடம் எடுத்த காலத்தில் பட்டப்படிப்புக்குப் பாடநூல் நிறுவனம் தமிழில் போட்ட நூல்கள் இருந்தன, வார்த்தைகள் அழகாக இருந்தன, நிரூபணங்கள் இல்லை. அந்த இடைவெளியை நாங்கள் நிரப்பாமல் விட்டுவிட்டோம். நீ இப்போது தடுமாறுவதில் எங்கள் தலைமுறைக்கும் பங்கு உண்டு, அம்மா.

பனங்கூடல்
நவம்பர் 3, இரவு 8:10

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நானும் தமிழ் மொழி மூலம்தான் பொருளியல் சிறப்புப் பட்டம் படித்தேன். வாத்தியார் ஐயா சொன்ன இடைவெளி இங்கேயும் அப்படியே இருக்கிறது. தங்கச்சிக்கு அடுத்த செமஸ்டரில் மேக்ரோ (முழு நாட்டின் பொருளாதாரம்) வரும் என்றபடியால் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

கடன் விகிதத்தின் சமன்பாடு என்று ஒன்று படிப்பிப்பார்கள். நாட்டின் கடன் உற்பத்தியில் 100 சதவீதம், வட்டி 6 சதவீதம், வளர்ச்சி 3 சதவீதம் என்றால் அடுத்த வருடம் அந்த விகிதம் 100ஐ 1.06ஆல் பெருக்கி 1.03ஆல் பிரித்தது, கிட்டத்தட்ட 102.9. அது ஏறாமல் நிற்க வேண்டுமென்றால் வட்டி தவிர்த்த மற்ற செலவுக்கு மேல் உற்பத்தியில் 2.9 சதவீதம் அரசு மிச்சம் பிடிக்க வேண்டும். முதன்மை உபரி என்பது அதுதான். நான் இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதினேன், மனதில் ஒட்டவில்லை.

2019 முடிவில் எங்கள் நாட்டில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். பிறகு கொரோனாவில் சுற்றுலா நின்றது, டொலர் இல்லை, 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்துக்குக் கிட்டப் போனது. நான் மண்ணெண்ணெய்க்கு விடிய நாலு மணிக்குக் கானோடு வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்ற மீன்பிடிக்கிற ஐயா என்னைப் பொருளியல் படிக்கிற பிள்ளை என்று தெரிந்துகொண்டு, தம்பி, இது ஏன் வந்தது, எப்ப முடியும் என்று கேட்டார். வரி குறைந்தால் அந்த 2.9 எங்கே போகும், டொலர்க் கடனுக்கு ரூபாய் விழுந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குச் சொல்லப்போய்த்தான் எனக்கே அது விளங்கியது. கான் நிரம்பும் மட்டும் கதைத்தோம். எப்ப முடியும் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

வயல்வரப்பு
நவம்பர் 5, மாலை 6:45

பனங்கூடல் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். மேசைவிளக்குக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம்.

என் எம்.ஃபில். ஆய்வுக்கு ஒரு கிராமத்தில் 60 குடும்பத்தை விசாரித்தேன். இரண்டு மாதம் சைக்கிளில் போய் வந்தேன், அந்த ஊர் டீக்கடையில் எனக்குக் கணக்கு இருந்தது. பெண்கள் விவசாயக் கூலி வேலைக்குப் போவது குறைந்துவிட்டது என்பது என் முடிவு. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்? காலை பத்து மணிக்கு என்றேன். நாற்று நடப் போனவர்கள் பத்து மணிக்கு எங்கே இருப்பார்கள் என்று கேட்டார். கதவு பூட்டியிருந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறேன், அறுபதை நிரப்ப வேண்டும் என்று. வேலைக்குப் போகாத பெண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, பெண்கள் வேலைக்குப் போவதில்லை என்று எழுதியிருக்கிறேன்.

பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்த அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. கூறெடுப்பு (யாரை விசாரிப்பது என்று தேர்ந்தெடுப்பது) எப்படிக் கோணும் என்பதை எனக்கு யாராவது நிகழ்தகவோடு ஒழுங்காகச் சொல்லித் தந்திருந்தால் சாயங்காலம் ஏழு மணிக்குப் போயிருப்பேன். ஆகவே தங்கச்சி, கணக்கைப் படி, நான் தடுக்க மாட்டேன். ஆனால் எந்தத் தேற்றம் படித்தாலும் உனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார். அங்கே பொருந்தவில்லை என்றால் விடாதே, ஏன் என்று கேள்.

கோட்டூர்புரம்_பஸ்
நவம்பர் 6, காலை 9:00

வேலை பற்றி யாரும் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்ல உதவும். இந்தியப் பொருளாதாரப் பணி என்று யு.பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு நடத்துகிறது, பொதுப் பொருளியல் மூன்று தாள், இந்தியப் பொருளியல் ஒரு தாள், தலா 200 மதிப்பெண். முதல் தாளில் நீங்கள் இப்போது அழுதுகொண்டு படிக்கிற மைக்ரோவும் கணித முறைகளும்தான் வரும். ரிசர்வ் வங்கியில் பொருளியல் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தனியாக ஆள் எடுக்கிறார்கள். நெட் தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பி.எட். எங்கேயும் ஓடிப்போகாது, எம்.ஏ. முடித்துவிட்டும் சேரலாம்.

மலைக்கோட்டை_மாணவி
ஜனவரி 18, இரவு 9:55

செமஸ்டர் முடிவு வந்துவிட்டது. மைக்ரோவில் 100க்கு 58. அரியர் இல்லை. மேத்ஸில் 71. அப்பா 58 குறைவுதானே என்றார், 25க்கு 4 கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு பஸ்ஸுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்டார்.

வயல்வரப்பு அண்ணாவுக்காக ஒன்று எழுத வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கூன்-டக்கர் பாடத்தை (பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது போன்ற வரம்புகளோடு உச்சத்தைக் கண்டுபிடிப்பது) பாட்டி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். பாட்டியின் அட்டைக்கு மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி இலவசம். வெளிக்கடையில் அரிசி 60 ரூபாய் என்று வைத்து, கையில் 1000 ரூபாய், அதே வர்க்கமூலப் பயன்பாடு. பாட்டி கடையில் எத்தனை கிலோ வாங்குவார்? சாதாரண லாக்ராஞ்சியன் போட்டால் விடை மைனஸ் 1.67 கிலோ. கடையில் மைனஸ் கிலோ வாங்க முடியாது, அதனால் கூன்-டக்கர் நிபந்தனை அதைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துகிறது. 20 கிலோவோடு சரி, கடைக்குப் போகத் தேவையில்லை. வரவு செலவுக் கோடு 20 கிலோவில் முறிகிறது, பாட்டி அந்த முறிவில் நிற்கிறார். தேர்வில் இதுவரை எழுதினால் முழு மதிப்பெண்.

ஆனால் அந்த மைனஸ் குறி என்னை விடவில்லை. ரேஷன் அரிசியில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வேறு ஏதாவது வாங்கிக்கொண்டால் பாட்டிக்கு நல்லது என்றுதானே அதற்கு அர்த்தம்? சும்மா கேட்டேன், பாட்டி, அரிசி மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்று. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: இரண்டு படி எதிர்வீட்டில் கோழி வளர்க்கிறவளுக்குக் கொடுப்பேன், தவிட்டோடு கலந்து போடுவாள், எனக்கு முட்டை தருவாள். எத்தனை வருடமாக என்றால், இலவசம் வந்ததிலிருந்து என்றார்.

அது 2011. நான் அப்போது பள்ளிக்கூடத்தில். அந்த முட்டையைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்திருக்கிறேன்.

இப்போது என் சந்தேகம் இதுதான். பாட்டியால் விற்க முடியாது என்று நான் போட்ட நிபந்தனை தப்பு. ஆனால் முழுசாக விற்க முடியும் என்பதும் தப்பு, கடையில் 60 ரூபாய் அரிசிக்கு எதிர்வீட்டில் அந்த விலைக்கு முட்டை கிடைப்பதில்லை, தரமும் வேறு. வாங்கும் விலை ஒன்று, கொடுக்கும் விலை ஒன்று என்று வைத்தால் 20 கிலோவுக்கு இடது பக்கம் ஒரு சரிவு, வலது பக்கம் இன்னொரு சரிவு வரும் என்று நினைக்கிறேன். படம் வரைந்துவிட்டேன், நிபந்தனைகளை எழுதத் தெரியவில்லை. கணக்கும்_காசும் அண்ணா, அதற்கு இரண்டு லாம்டா வேண்டுமா, மூன்று வேண்டுமா?